இரட்சணிய யாத்திரிகத்தில் கிறிஸ்துவின் இடம்

இரட்சணிய யாத்திரிகம், எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இயற்றிய கிறித்தவக் காப்பியம். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும் 3,766 பாடல்களும் கொண்டது. 'நற்போதகம்' இதழில் பல ஆண்டுகள் தொடராக வந்து, 1894-இல் நூலாக வெளியாயிற்று. ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்' என்னும் உரைநடை உருவகக் கதையைத் தழுவியது என்று இலக்கிய வரலாறுகள் இதைக் குறிப்பிடுகின்றன. கிருஷ்ண பிள்ளைக்கு அமைந்த 'கிறித்தவக் கம்பர்' என்ற பட்டமும் உடன் சொல்லப்படும்.

தழுவல் என்று சொல்வது தவறல்ல. ஆனால் அந்தச் சொல் இந்நூலின் மிகப் பெரிய மாற்றத்தை மறைத்துவிடுகிறது. பனியன் சில வரிகளில் கடந்துபோகும் இயேசுவின் பாடுகளைக் கிருஷ்ண பிள்ளை குமார பருவத்தில் 'இரட்சணிய சரிதப் படலம்' என்று தனியே விரித்துப் பாடினார். பயணியின் கதைக்குள் பயணியல்லாத ஒருவரின் கதை வந்து அமர்கிறது. இது காப்பிய மரபுக்காகச் சேர்த்த வருணனையா, மூலநூலின் கட்டமைப்பைத் திருத்திய செயலா என்பதுதான் இந்நூலைப் படிப்பவர் முடிவுசெய்ய வேண்டியது. கிறித்தவ வாழ்வின் நடுவில் இருப்பவர் யார், நடக்கிற மனிதனா, அவன் யாரை நோக்கி நடக்கிறானோ அவரா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

பனியனின் வெறுஞ்சிலுவை

பனியன் பாத்திரம் பழுதுபார்க்கும் தொழில் செய்தவர். அரசு சபையின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660-இல் கைதாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கழித்தார். 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்' முதற்பாகம் 1678-இலும், கதைநாயகனின் மனைவி கிறிஸ்டியானா மேற்கொள்ளும் பயணத்தைச் சொல்லும் இரண்டாம் பாகம் 1684-இலும் வெளிவந்தன.

கதை எளியது. முதுகில் சுமையும் கையில் புத்தகமுமாக கிறிஸ்டியன் என்பவன் அழிவின் நகரத்தை விட்டு ஓடுகிறான். மனைவி மக்கள் கூப்பிடும்போது காதில் விரலை வைத்துக்கொண்டு ஓடுகிறான். சேற்றில் விழுந்து எழுந்து, குறுகிய வாசலைக் கடந்து, விளக்கம் சொல்பவரின் வீட்டில் தங்கிப் புறப்பட்ட பிறகே சிலுவை நிற்கும் மேட்டுக்கு வருகிறான். அங்கே சுமை அவிழ்ந்து, உருண்டு, கீழே இருக்கும் கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. உலக இலக்கியத்தில் பெரிதும் பேசப்பட்ட இந்தக் காட்சி சில பத்திகளில் முடிந்துவிடுகிறது. அந்தச் சிலுவையில் யாரும் தொங்கவில்லை. மேட்டில் ஒரு சிலுவை, தாழ்வில் ஒரு கல்லறை, அவ்வளவுதான்.

சிலுவை இவ்வளவு தாமதமாக வருவது பனியனை நேசித்தவர்களையே உறுத்தியது. நூறு முறையேனும் அந்நூலைப் படித்ததாகச் சொன்ன லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன், சுமையோடு தவிப்பவனுக்கு வாசலைக் காட்டியதற்குப் பதிலாகச் சிலுவையையே நேராகக் காட்டியிருக்க வேண்டும் என்று குறைப்பட்டார். இறையியலாகப் பார்த்தால் குறை நியாயமானது. ஆனால் பனியன் எழுதியது கோட்பாட்டு நூல் அல்ல. தாம் பட்டதை எழுதினார். தம் ஆன்மிக வரலாற்றைச் சொல்லும் 'கிரேஸ் அபௌண்டிங்' (1666) நூலில், மன்னிப்புக் கிடைத்ததா இல்லையா என்று ஆண்டுக்கணக்கில் தம்மையே தோண்டிக்கொண்டிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு நாள் வயல்வெளியில் நடக்கும்போது, தம் நீதி தமக்குள் இல்லை, பரலோகத்தில் கிறிஸ்துவாக இருக்கிறது என்ற எண்ணம் வந்தது என்கிறார். தம் மனநிலை நன்றாக இருப்பதால் அந்த நீதி கூடுவதுமில்லை, கெடுவதால் குறைவதுமில்லை என்று அப்போதுதான் விளங்கியதாம். அவருக்குச் சிலுவை தாமதமாகவே கிடைத்தது. கதையிலும் அப்படியே வைத்தார்.

வெறுஞ்சிலுவைக்கும் ஒரு விடை நூலிலேயே இருக்கிறது. மேட்டைக் கடந்தபின் ஓர் அரண்மனையில் தங்கும் கிறிஸ்டியன், வழியில் கண்டதை அங்குள்ள பெண்களிடம் சொல்கிறான். மரத்தில் ஒருவர் இரத்தம் வடியத் தொங்குவதைத் தன் மனத்தில் கண்டதாகவும், கண்டதுமே சுமை விழுந்ததாகவும் அப்போதுதான் சொல்கிறான். காட்சியில் இல்லாதவர் நினைவில் வருகிறார். கண்ணுக்கு எதையும் காட்டாமல் மனக்கண்ணுக்கு விட்டுவிடுவது பனியனின் முறை. உருவங்களை ஐயுறும் பியூரிட்டன் மரபில் வளர்ந்தவரிடம் இதைத்தான் எதிர்பார்க்க முடியும்.

இந்த முறைக்கு ஓர் ஆபத்து உண்டு. கண்முன் நிற்பது பயணி மட்டுமே என்பதால், வாசகர் அவனையே பின்தொடர்கிறார். சுமை, பயம், உறக்கம், ஐயம், தேறுதல் எல்லாம் அவனுடையவை. கிறிஸ்து அவன் பயணத்துக்கு உதவும் ஒரு நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடக்கூடும். பின்னாளில் கிறித்தவ நம்பிக்கையே இல்லாதவர்களும் இந்நூலைத் தன்முயற்சியின் கதையாக ரசிக்க முடிந்ததற்கு இது ஒரு காரணம்.

குமார பருவம் செய்வது

கிருஷ்ண பிள்ளை திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்திலும் ஆழ்வார் பாடல்களிலும் ஊறி வளர்ந்து, தமிழாசிரியராகி, 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். பனியனின் கதை அதற்கு முன்பே உரைநடையில் தமிழுக்கு வந்திருந்தது. ஆகவே கதையை அறிமுகம் செய்வது அவருடைய வேலையாக இருக்கவில்லை.

பருவப் பெயர்களே அவர் போக்கைக் காட்டுகின்றன. ஆதி பருவம், ஆரணிய பருவம் ஆகியவை பாரதத்தின் பருவப் பெயர்கள். வில்லிபாரதம் படித்தவர்கள் அறிந்தவை. நிதான பருவம், பயணத்தில் உயிர்விடும் தோழன் நிதானியின் பெயரை ஏற்றது. இவற்றுக்கு நடுவே குமார பருவம் நிற்கிறது. குமாரன் என்ற சொல் கிறித்தவத் தமிழில் திரித்துவத்தின் இரண்டாமவருக்கு உரியது. சபைக்குச் செல்லும் வாசகருக்கு அந்தத் தலைப்பு வேறெந்தப் பொருளிலும் முதலில் கேட்காது.

இரட்சணிய சரிதப் படலத்தின் ஒரு பகுதி தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றுள்ளது. (அதை மட்டும் படித்த மாணவர் பலர் முழு நூலும் இயேசுவின் வரலாறு என்று எண்ணிக்கொள்கிறார்கள். இது பிழைதான், ஆனால் கிருஷ்ண பிள்ளை இந்தப் பிழையைப் பெரிதாக வெறுத்திருக்க மாட்டார்.) இயேசு கயிற்றால் கட்டுண்டு நிற்கிறார். பழிச்சொற்கள் மேலே விழுகின்றன, மறுமொழி இல்லை. ஆளுநன் பிலாத்து முன் நிறுத்துகிறார்கள், விசாரணை நடக்கிறது. சிவப்பு அங்கியும் முள்முடியும் அணிவித்து எள்ளுகிறார்கள். காண்பவர் நெஞ்சு பொறுக்கவில்லை. இத்தனை நடந்தும் நிலம் ஏன் பிளக்கவில்லை, வானம் ஏன் இடிந்து விழவில்லை, கடல் ஏன் வற்றவில்லை என்று புலம்புகிறார்கள். கம்பன் வழியில் பழகிய அவலக் குரல் இது.

இந்தப் பகுதியில் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் கயிறு. அறுத்தெறிய வல்லவர் ஏன் அறுக்காமல் நிற்கிறார் என்பதற்குக் கவிஞர் சொல்லும் காரணம், அவரை உண்மையில் பிணைத்திருப்பது மக்கள்மேல் கொண்ட அன்பு என்பது. அன்பின் கட்டு அவிழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே கயிற்றின் கட்டுக்கு உடன்படுகிறார். நற்செய்தி நூல்களில் இந்த விளக்கம் இல்லை. ஆனால் யசோதையின் சிறு தாம்புக்கு உலகளந்தவன் கட்டுண்டு கிடந்ததைப் பாடிய மரபில் வளர்ந்த காது இதில் எதைக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. மதுரகவியாழ்வாரின் 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' அந்த நிகழ்ச்சியில்தான் தொடங்குகிறது. மதம் மாறியவர் பழைய மொழியை உதறிவிட்டு வரவில்லை. அதன் மிக நெருக்கமான உருவகத்தைப் பிலாத்துவின் முற்றத்துக்கு எடுத்துவந்திருக்கிறார். ஆய்ச்சியின் அன்புக்குக் கட்டுண்ட குழந்தையின் இடத்தில், பகைவரின் கயிற்றுக்குத் தன் அன்பால் கட்டுண்டவர் நிற்கிறார். விளையாட்டு மாறிப் பாடாகிறது. அந்த மாற்றத்தின் கனம் பழையதை அறிந்தவருக்கே முழுமையாகத் தெரியும்.

உருவக இலக்கியத்தின் இலக்கணப்படி இப்படலம் ஒரு குறைபாடு. ஆத்தும விசாரி என்று பெயருள்ள நாயகனும், நற்பண்புகளும் தீக்குணங்களும் மனித வடிவில் உலவும் ஊர்களும் உள்ள உலகில் பொந்தியு பிலாத்து என்ற வரலாற்று மனிதருக்கு இடம் இல்லை. கதை நடக்கும் தளமே உடைகிறது. கட்டுக்கோப்பை விரும்பும் வாசகர் இதைப் பிழை என்று சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் உடைய வேண்டிய இடம் அதுதான். சுமை, மலை, வாசல் எல்லாம் மனநிலைகளின் வேறு பெயர்கள். சிலுவையும் அப்படி ஒரு மனநிலையின் பெயராக மட்டும் எஞ்சினால், பயணி தன்னைத் தானே மீட்டுக்கொண்டவனாகிவிடுவான். அவனுக்கு வெளியே, ஒரு நாளில், ஓர் ஆளுநனின் ஆட்சியில் நடந்த ஒன்றினால் அவன் சுமை விழுந்தது என்பதே கிறித்தவத்தின் கூற்று. உருவகத்தை உடைக்காமல் அதைச் சொல்ல முடியாது.

தமிழின் பிற கிறித்தவக் காப்பியங்களோடு வைத்துப் பார்க்கும்போதும் இந்த அமைப்பு தனித்தது. வீரமாமுனிவரின் 'தேம்பாவணி'யில் காப்பியத் தலைவர் வளன் என்னும் சூசை. கிறிஸ்து அவர் வளர்க்கும் பிள்ளையாக, ஒரு தந்தையின் அன்பு வழியாகக் காணப்படுகிறார். கண்ணதாசனின் 'இயேசு காவிய'த்தில் கிறிஸ்துவே நேரடித் தலைவர். இரட்சணிய யாத்திரிகத்தில் தலைவன் வேறு, நடுவில் இருப்பவர் வேறு. சாதாரண விசுவாசி ஒருவரின் நிலைமைக்கு இதுவே மிக அருகில் இருக்கிறது.

தேவாரங்கள்

ஒரு படலம் நடுவை அமைத்துவிடலாம். அதன்பின் பயணி நடக்கும் நீண்ட வழியில் அந்த நடு எப்படி உடன்வரும்? புலம்பலில் கரைந்த வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த படலத்துக்குப் போய்விடவும் கூடும். பாடுகளின் காட்சி எவ்வளவு உருக்கமோ அவ்வளவுக்கு அது பார்த்து முடித்த காட்சியாகிவிடும் வாய்ப்பும் உண்டு. கிறிஸ்து இரக்கத்துக்குரியவராக நடுவில் நிற்பது வேறு, ஆண்டவராக ஒவ்வொரு அடியிலும் நிற்பது வேறு. புலம்பல் பாடல்கள் முதலாவதை நோக்கிச் சாய்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்குக் கிருஷ்ண பிள்ளையிடம் இருக்கும் விடை, காப்பியத்தின் இடையிடையே வரும் தேவாரப் பாடல்கள். கதை சொல்லும் விருத்தம் நிற்கிறது. நேராகக் கிறிஸ்துவை விளிக்கும் பாடல் தொடங்குகிறது. பேசுவது பயணியா கவிஞரா என்ற எல்லை அங்கே மங்குகிறது. படிப்பவர் வாய்விட்டுப் பாடினால் மூன்றாவதாக அவரும் சேர்ந்துகொள்கிறார். சைவ மரபின் சொல்லான தேவாரத்தை அவர் தயங்காமல் எடுத்துக்கொண்டதைப் பலரும் பண்பாட்டு இணக்கம் என்று பாராட்டுவர். அமைப்பில் அவை செய்யும் வேலை அதைவிட முக்கியமானது. தலம்தோறும் நின்று பாடும் மரபைப் பயணத்தின் நிலைதோறும் நின்று பாடும் மரபாக அவை மாற்றுகின்றன. பனியனிடமும் இடையிடையே செய்யுள்கள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் நிகழ்ந்ததைத் தொகுத்துச் சொல்லும் நாட்டுப்புறத் துணுக்குகள். தேவாரங்கள் தொகுப்பதில்லை, வேண்டுகின்றன. இதே வேண்டுதல் குரல்தான் பின்னர் 'இரட்சணிய மனோகர'த்தில் தனிநூலாயிற்று. கிருஷ்ண பிள்ளையின் பாடல்கள் சில தமிழ்ச் சபைகளின் வழிபாட்டில் இன்றும் பாடப்படுகின்றன. காப்பியத்தை முழுதும் படித்தவர்கள் குறைவு; அவர் பாட்டைப் பாடியவர்கள் மிகுதி.

சந்தையின் பேச்சு

பனியன் வெல்லும் இடமும் ஒன்று உண்டு. அவர் சிறையில் இருந்தவர், தெருவிலும் இருந்தவர். கிறிஸ்து வாழ்க்கையின் எந்தெந்த மூலையிலிருந்து நாசூக்காக வெளியேற்றப்படுகிறார் என்பது அவருக்குத் தெரியும். வாயாடி என்ற பாத்திரம் எந்த இறையியல் பொருளைக் கொடுத்தாலும் மணிக்கணக்கில் பேசுவான்; அவன் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் கதை வேறு. ஆதாயம் தேடும் இன்னொருவன், மதம் வெள்ளிச் செருப்பணிந்து வெயிலில் உலாவரும் நாட்களில் மட்டும் அதனோடு தெருவில் நடப்பவன். அவனும் பணப்பிரியன் முதலிய நண்பர்களும் ஒரு வழக்கை எடுத்து விவாதிக்கிறார்கள்: கடைக்காரர் ஒருவர் பக்திமானாக மாறினால் நல்ல வாடிக்கையாளர்களும் பணக்காரப் பெண்ணும் கிடைப்பார்கள் என்றால், மாறுவதில் தவறென்ன? பக்தியும் நல்லது, லாபமும் நல்லது, நல்லதால் நல்லது வருகிறது என்று அவர்கள் நிறுவும் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதல்ல. கிறிஸ்டியன் தர்க்கத்துக்குள் போகவே இல்லை. இதே கணக்கைப் போட்டவர்களாக வேதத்திலிருந்து யூதாசையும் மந்திரவாதி சீமோனையும் காட்டுகிறான்.

இந்த எள்ளலுக்குக் கொச்சைப் பேச்சு வேண்டும், பேரம் பேசும் குரல் வேண்டும். காப்பிய விருத்தத்தின் உயர்ந்த நடையில் தீமைக்கும் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது, சில்லறைத்தனம் கைகூடுவதில்லை. குடும்பம், தொழில், சாதி, ஊர்ப் பெருமை ஆகியவற்றுக்குள் புதிய விசுவாசம் எந்த அளவுக்கு நுழையலாம் என்று திருநெல்வேலிச் சபைகள் வாதாடிக்கொண்டிருந்த நூற்றாண்டு அது. வீட்டாரை விட்டுவிட்டு ஓடும் மனிதன் அங்கே மதம் மாறியவர்களுக்கு உருவகமே அல்ல, அண்டை வீட்டுச் செய்தி. அந்த வாதங்களின் சூடு இரட்சணிய யாத்திரிகத்தின் நடையில் போதிய அளவு ஏறவில்லை என்பது இந்நூலின் உண்மையான இழப்பு. கம்பனைப் பின்பற்றியதற்குக் கொடுத்த விலை என்றும் சொல்லலாம்.

பனியனின் மிகக் கடுமையான பாத்திரமான அறியாமையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அவன் நாத்திகன் அல்ல. சிரித்த முகம், நல்ல பழக்கம், ஒழுங்கான வழிபாடு உள்ள இளைஞன். கிறிஸ்து பாவிகளுக்காக மரித்தார் என்று நம்புகிறான். தன் நற்செயல்களில் உள்ள குறையைக் கிறிஸ்து தம் புண்ணியத்தால் நிரப்பிக் கடவுளிடம் ஏற்கத்தக்கதாக்குவார் என்பது அவன் கொள்கை. பெரும்பாலான சபைகளில் இதற்கு மறுப்பு எழாது. ஆனால் இந்தக் கொள்கையில் வாழ்க்கை அவனுடையது, கிறிஸ்து பிழைதிருத்துபவர். வீண்நம்பிக்கை என்னும் படகோட்டி அவனை ஆற்றைச் சுலபமாகக் கடத்திவிடுகிறான். நகர வாசலில் கேட்கும் சான்றுச் சீட்டு அவனிடம் இல்லை. நூலின் கடைசிக் காட்சியே அவன் வெளியே தள்ளப்படுவதுதான். பழைய, கிழிந்துபோன ஒரு பிரதியில் லூத்தரின் கலாத்தியர் விளக்கவுரையைப் படித்து, வேதத்துக்கு அடுத்தபடியாக அதையே மதித்தவர் பனியன். அந்த விளக்கவுரையின் கண்டிப்பு இந்தக் காட்சியில் இரக்கமின்றி ஒலிக்கிறது. பயணியை மட்டுமே காட்டும் நூல் என்று அவர்மேல் வைத்த குற்றச்சாட்டுக்கு அவரே எழுதிவைத்த மறுப்பு என்றும் இதைக் கொள்ளலாம்.

ஆற்றைக் கடக்கும் இடத்தில் கிறிஸ்டியனின் அனுபவம் நேர்மாறானது. அவன் மூழ்குகிறான். பழைய பாவங்கள் நினைவுக்கு வருகின்றன, கண் இருள்கிறது. கூடவரும் தோழன் நம்பிக்கை அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு இயேசுவின் பெயரைச் சொல்கிறான். அப்போது கிறிஸ்டியன், அவரை மீண்டும் காண்கிறேன் என்று கத்துகிறான். 'மீண்டும்' என்றால், முதலில் கண்டது சிலுவை மேட்டில், மனக்கண்ணில். பனியனின் கதையில் அந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே மலைகளும் பள்ளத்தாக்குகளும் ஒரு சந்தையும் ஒரு சிறைக்கோட்டையும் இருக்கின்றன. கிருஷ்ண பிள்ளையின் தேவாரங்கள் அந்த வழி நெடுக, காணாத நாட்களிலும், அவரை அழைத்துக்கொண்டே போகின்றன.